உப்புப் பூத்த சுவர்

பெயின்ட் அடிக்கப் படிக்கப் போகிறேன் என்றபோது தில்லையடியில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சிரித்தார்கள். "பொம்புளப் புள்ளைக்கு ஏணி என்னத்துக்கு?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். "உங்கட வீட்ட எட்டிப் பாக்கத்தான் மாமி" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. வகுப்புக்குப் போட்டுக்கொள்ளத் தன் பழைய நீளக்கைச் சேட்டு ஒன்றை எடுத்துத் தந்தார்.

அங்கே ரோலரைத் தருவதற்கு முன் சுவரைப் பார்க்கத்தான் பழக்கினார்கள். வெள்ளையாக ஏதாவது பூத்திருந்தால் கொஞ்சம் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார் படிப்பித்த சேர். கரித்தால் உப்பு, மேலே அடிக்கும் பெயின்டைத் தள்ளிவிடும். அப்படிப்பட்ட சுவரில் பூச்சை உடைத்து, ஆற்று மண்ணில் புதிதாகப் பூசி, மாதக்கணக்கில் காயவிட வேண்டும். வேறு வழி கிடையாதாம்.

பயிற்சி முடிந்த கையோடு என் மூத்தவள் ராத்தாவுக்குக் கலியாணம் சரிவந்தது. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். முன் அறையை அவர்களுக்கு ஒதுக்கினோம். ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முன் வாப்பா அந்த அறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார். ராத்தாவுக்கு அது வேண்டாமாம், சாய்ந்தால் உடுப்பில் ஒட்டாத இளம்பச்சைப் பெயின்ட்தான் வேண்டுமாம். "வீட்டுலயே பெயின்டர் இருக்கக்குள்ள எனக்கென்ன குறை?" என்றாள்.

எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். மாப்பிள்ளையின் சாச்சா, அவர் வாப்பாவின் தம்பி, கண்டக்குழிக் கடற்கரையில் வெளிநாட்டுக்காரர் தங்க அறைகள் கட்டிக்கொண்டிருந்தார். "கலியாண நாளில உங்கட வேலையப் பாக்குறன். நல்லா இருந்தா என்ட அறையெல்லாம் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அதுவரை ஒருவரும் என்னை நம்பி ஒரு கதவுகூடத் தந்ததில்லை.

பழைய சுண்ணாம்பைச் சுரண்டினேன். வெள்ளைத் தூளாகக் கொட்டியது. சுண்ணாம்புச் சுவரில் வேறென்ன கொட்டும்? தேய்த்து, தூசி தட்டி, பிரைமர் பூசி, பச்சை அடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, அறை குளுகுளுவென்று இருந்தது. சில நாளில் சுவர் முழுக்கக் கொப்புளம். ஒன்றைக் கிள்ளினேன், உள்ளே வெள்ளை மாவு. நாக்கில் வைத்தேன்.

"என்ன மகள், நாஸ்தாவுக்குச் சுவரா?" என்று சிரித்தார் வாப்பா.

"இந்தப் பூச்சுக்கு மண் எங்க எடுத்தீங்க வாப்பா?"

"கடக்கரையில. வெளியேறி வந்த நேரம் ஆத்து மண்ணுக்கு எங்க போறது? உரப்பையில அள்ளி, சைக்கிள்ல கட்டிக் கொண்டந்து நானேதான் பூசின. இண்டைக்கும் ஒரு வெடிப்பு இல்ல, பாத்தியா?" என்று சுவரைத் தடவினார். மன்னாரிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது உடுத்த உடுப்போடு வந்த மனிதர் அவர்.

பிறகு நான் அவரிடம் என்னத்தைச் சொல்ல? சுரண்டினேன், அடித்தேன். மறுபடி பொங்கியது. மறுபடி சுரண்டினேன். கலியாணம் நெருங்கிக்கொண்டிருந்தது, பூச்சை உடைக்க நேரமில்லை. கடலோடு யார் சண்டை பிடிப்பது? பிரஷ்ஷை வீசி எறிந்து நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

நிக்காஹ் முடிந்து மஞ்சள் சோற்று விருந்தும் ஆன பிறகு சாச்சா அறைக்குள் வந்தார். ஒரு விரலால் சுவரை அழுத்தினார். உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை உரிந்து அவர் காலடியில் விழுந்தது.

"இதென்ன இது?"

உப்பு என்ற ஒரு சொல் என் தொண்டை வரை வந்தது. சொன்னால் நான் தப்புவேன். ஆனால் வாசல் நிறையச் சம்பந்திகள். அவர்களுக்கு நடுவே வாப்பா புதுச் சாரம் உடுத்து நின்றார். நீள வாய்க்காரி வாயை மூடிக்கொண்டேன்.

"பிழை பிடிக்காதீங்க, புள்ள இப்பதானே பழகுது" என்றார் வாப்பா, எனக்காகக் கெஞ்சுகிற குரலில். "அடிச்ச விதம்தான் சரியில்ல. சுவர் நல்ல சுவர்."

"பாப்பம், இன்ஷா அல்லாஹ்" என்றார் சாச்சா. அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எல்லோரும் வெளியே போனதும் வாப்பா என் தலையைத் தடவினார். "கவலப்படாத மகள். நோன்புக்கு முன்ன நானே சுண்ணாம்பு அடிச்சுச் சரியாக்கித் தாறன்."

"ஓம் வாப்பா" என்றேன்.