துணி போர்த்திய பலகை

வெண்கட்டிப் பெட்டியில் கைப்பேசியைச் சாய்த்து, அதன் முன்னால் ஆய்வுகூடத்து உருப்பெருக்கிக் கைவில்லையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் பஸ்மினா ரீச்சர். உள்ளங்கை அகலத் திரையில் ஒரு மனித இதயம் துடிக்கிறது. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் கந்தூரிச் சோற்றுச் சஹனைச் சுற்றி உண்ண இருப்பவர்கள்போல மேசையை நெருக்குகிறார்கள்.

“பின்னுக்கு நிண்டா ஒண்டுமே தெரியுதில்ல ரீச்சர்.”

“கிட்ட வாங்க மக. வேற என்ன செய்யிற?”

மாடியறையில், சில்லு வைத்த தாங்கியில், ஆளகலத்துக்கு ஒரு ஸ்மார்ட் பலகை நிற்கிறது. அறையின் சாவி அதிபர் அப்துல் ஸமட்டின் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான்.

விடியச் சுபஹுத் தொழுததும் ரீச்சர் கைப்பேசியோடு கதைக்கத் தொடங்கிவிடுவார். அதிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியை அவர் கூப்பிடுவது மகன் என்று. “மகன், இதயத்து வால்வ எங்கட பிள்ளைகளுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லித் தாங்க.” அது ஏதோ பெருநகர ரயில் நிலையத்தின் ஒருவழிக் கதவை உதாரணம் காட்டும். “எங்கட ஊருக்கு ரயிலே இல்ல. பாவம், அவருக்குத் தெரியா” என்று சிரித்துக்கொண்டே கதவை வெட்டிவிட்டு, மீன் கூட்டின் வாயை எழுதிக்கொள்வார். உள்ளே போன மீன் திரும்பி வராது. பின்னேரங்களில் விடைத்தாள்களைத் திருத்தி, பிள்ளைக்கொரு குரல்பதிவாகப் பிழையைச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

ஊரில் ஒரு பெண் மௌத்தாகிவிட்டால் உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்ற அவரைத்தான் தேடிவருவார்கள். வெள்ளைத் துணியைச் சுருக்கம் விழாமல் சுற்றி, அதன் ஓரத்திலேயே கிழித்த நாடாவால் தலைமாட்டில், இடையில், கால்மாட்டில் கட்டுப் போடுவதில் அவர் கை பிசகியதில்லை. “துணி விசயம் ஒங்களுக்குத்தான் சரி” என்று, பலகையைப் போர்த்தி வைக்கும் வேலையையும் அதிபர் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்.

அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் அறை திறக்கும். ஒவ்வொரு முறையும் அதே இதயப் பாடம், பொறுக்கியெடுத்த அதே எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள். வேறு பாடத்தைத் தொட்டால் எங்காவது சிக்கி மானம் போகும் என்று அதிபருக்குப் பயம். ரீச்சர் கேள்வியை முடிக்குமுன்னே பிள்ளைகள் விடையைச் சொல்லிவிடுவார்கள்.

இந்த முறை ரீச்சர் முன்கூட்டியே கேட்டுவைத்தார். “நான் வடிவாச் செய்து காட்டுறன் சேர். அது முடிஞ்சி மறுகா என்ட பதினோராம் ஆண்டுக்கு ஒரு கிழமையாச்சும் தொறந்து தாங்க. சோதினை கிட்டுது.”

“ஓம், ஓம். வாறாக்கள் வந்து போகட்டும்.”

சொன்னபடி செய்தார், கொஞ்சம் கூடவே நன்றாகச் செய்துவிட்டார். வந்த அதிகாரி அந்த இடத்திலேயே அறையை மாதிரி வகுப்பறை என்று அறிவித்தார். “மத்தப் பள்ளிக்கூடத்தாக்களையும் பார்க்க அனுப்புறன். இப்பிடியே வெச்சிரிங்க” என்றார். அதிபரின் முகம் மலர்ந்தது.

வாகனம் போனதும் ரீச்சர் கேட்டார்: “நாளைக்கு என்ட பிள்ளைகளைக் கூட்டி வரட்டா சேர்?”

“என்ன கதை கதைக்கிறீங்க ரீச்சர்? இது இப்ப மாதிரி வகுப்பறை. ஒரு கீறல் விழுந்தா ஆரு பொறுப்பு? மூடிட்டு வாங்க, பூட்டணும்.”

திறமாகப் படிப்பித்ததற்கு இது கூலி. ரீச்சர் கைவில்லையையும் வெண்கட்டிப் பெட்டியையும் மேசையைச் சுற்றி எக்கி நிற்கும் பிள்ளைகளையும் நினைத்தார். அதிபர் சாவியோடு வாசலில் நின்றார்.

ரீச்சர் வெள்ளைத் துணியை உதறி விரித்துப் பலகையைச் சுற்றினார். மற்ற நாட்களில் மேலே போர்த்திவிட்டு அப்படியே இறங்கிவிடுவார். அன்று துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, நீளமாகக் கிழித்து நாடா எடுத்தார். தலைமாட்டில் ஒன்று, இடையில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று இறுக்கிக் கட்டினார்.