பூசிய சுவருக்குப் போட்ட கையெழுத்து

மசாலைக் கடைக்காரம்மாவின் சுவரைப் பார்வையிட்டு, ‘விரிசல் ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகராண்மைக் கழகத்தின் கட்டடப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவனுக்கு, கோப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் எதையும் யாரும் படிப்பதில்லை என்பது நன்றாகத் தெரியும்.

ஓய்வு பெற்று நான்கு வருடம் வீட்டில் செய்தித்தாளின் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரின் பழைய கடைத்தெருவில், தீயில் போன மரக்கடையின் காலி மனையில், பொது நூலகம் கட்டப்போவதாகவும் ஆலோசனைக் குழுவுக்கு விதிமுறை தெரிந்த ஒருவர் வேண்டும் என்றும் கூப்பிட்டார்கள். அந்தத் தெரு பாரம்பரிய வட்டாரம். அங்கே ஒரு ஆணி அடிப்பதற்கும் ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும். அந்தப் பாரங்களில் பாதி நான் வரைந்தவை. எனக்கு வாயெல்லாம் பல்.

கட்டடக் கலைஞர் பினாங்கிலிருந்து வந்த இளம்பெண். நல்ல கை. இரண்டு பக்கத்துக் கடைகளின் உயரத்தைத் தாண்டாமல், கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை அறுபடாமல், புதுக்கட்டடத்தைப் பழைய வரிசைக்குள் பொருத்தியிருந்தார். குழு எட்டு முறை கூடியது. அதில் ஐந்து கூட்டங்கள் ஜன்னல் பலகைகள் எந்தப் பச்சை என்பதற்கே சரியாகப் போயின. பக்கத்துச் சுவர் பற்றி யாரும் பேசவில்லை. நான்தான் பேசினேன். அதுதான் வினையாயிற்று.

அந்தத் தெருவில் இரண்டு கடைக்கு ஒரு சுவர். மரக்கடை எரிந்த பிறகு, அடுத்திருந்த மசாலைக் கடையின் பொதுச்சுவர் ஒரு பக்கம் வெட்டவெளியாகி, பல மழைக்காலங்களை வாங்கியிருந்தது. அஸ்திவாரத் தூண்களை இறக்கும் பைலிங் வேலை தொடங்குமுன் அண்டைச் சுவர்களின் நிலையைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். அந்தப் பதிவைப் பார்த்துத்தான் தூண்களை அடித்து இறக்குவதா, துளையிட்டு வார்ப்பதா என்று பொறியாளர் முடிவு செய்வார். சரி, நீங்களே செய்யுங்கள் என்றார்கள். முறைப்படி குடியிருப்போருக்குப் பதினான்கு நாள் முன்னதாகக் கடிதம் அனுப்பினேன்: ‘தங்கள் வளாகத்தைப் பார்வையிட வருகிறோம்.’

போனபோது சுவர் பளிச்சென்று இருந்தது. கீழே அரைவை இயந்திரம், மேலே அந்த அம்மாவின் கட்டில். இரண்டுமே அந்தச் சுவரை ஒட்டித்தான். படம் எடுத்தேன். ‘நன்கு பராமரிக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி கூடுதலாகவும் எழுதினேன். கேட்காத பாராட்டு. சுவர் உறுதி என்பதால், செலவு குறைந்த வழியில், அடித்து இறக்குவது என்று முடிவாயிற்று.

சோதனைக்காக முதல் தூணை ஒரு காலை அடித்தார்கள். எதிரே தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடையில் நான் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் குவளையில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. மசாலைக் கடைக்காரம்மா தலையில் துண்டோடு தெருவைக் கடந்து வந்தார்.

“அண்ணே, உங்க லைப்ரரி என் மொளகாத் தூள்ல சுண்ணாம்பு போடுது. இதையும் சேத்து நிறுத்து வித்துரவா?”

மாமாக் கடைக்காரர் கல்லாவிலிருந்தே சிரித்தார். “வெத்தலைக்கு ஆச்சுல்ல அக்கா, விடுங்க லா.”

நானும் சிரித்தேன். பிறகுதான் குவளையைக் கீழே வைத்தேன். உறுதியான சுவரிலிருந்து ஏன் சுண்ணாம்பு உதிர வேண்டும்?

உள்ளே போய்ப் பார்த்தேன். உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் பூச்சு பாளமாக விட்டிருந்தது. விரலால் தட்டினேன். பொக்கென்று ஒலித்தது.

“ஏம்மா, இது எப்பப் பூசினது?”

“நீங்க கடுதாசி போட்டீங்கல்ல, அப்பத்தான். ஒரு சிமெந்து மூட்டை, ரெண்டு டின்னு சாயம். ஆள் வச்சு மூணு நாள் வேல.”

“ஏன் பூசினீங்க?”

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “நல்லா கேட்டீங்க போங்க. ‘பார்வையிட வரோம்’னு எழுதினது நீங்கதானே? நான் பாடாங் மேஹா ரப்பர்த் தோட்டத்துல பொறந்தவ. துரை எங்க லயத்து வீடுகளப் பாக்க வராருன்னா சொவத்தச் சும்மா விட்டுருவோமா? அசிங்கமா இருந்தா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்கன்னு எங்கம்மா விடியறதுக்குள்ள சுண்ணாம்பு கலக்குவாங்க. நீங்களும் தோட்டத்து ஆளுதானே அண்ணே. தெரியாதா?”

தெரியும். மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் துரை வருவதற்கு முதல் நாள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கியவன் நான். அதிகாரம் பார்க்க வந்தால் சுவரை மறைக்க வேண்டும் என்பது நாங்கள் எழுத்துக்கு முன்னால் கற்ற பாடம். அதை மறந்து, பதினான்கு நாள் அவகாசமும் கொடுத்து, மறைத்ததைப் படம் எடுத்து, பாராட்டியும் எழுதியிருக்கிறேன்.

கத்தி கேட்டேன். புளி அறுக்கும் கத்தியைக் கொடுத்தார். சுரண்டச் சுரண்டப் பூச்சு எளிதாக வந்தது. அடியில் விரிசல், உத்தரத்தின் முனையிலிருந்து இறங்கி இயந்திரத்துக்குப் பின்னால் மறைந்தது. என் சுண்டுவிரல் முதல் கணு வரை உள்ளே போனது. உத்தரத்தின் மரம் ஊறிய ரொட்டிபோல இருந்தது. மேலே கட்டில் இருந்த இடத்திலும் சுரண்டினேன். அங்கேயும் அதே விரிசல்தான்.

“எத்தன நாளா இருக்கு இது?”

“மரக்கடை எரிஞ்சதுலேர்ந்து. அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்குத் தூங்குறேன்.”

விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமெந்து வைத்து ஒட்டினேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பழைய முறை, பொய் சொல்லாத முறை. சிமெந்து இறுகட்டும் என்று இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் காலை இன்னொரு சோதனைத் தூணை அடித்தார்கள். பத்து மணிக்குப் போனேன். கண்ணாடி நடுவில் இரண்டாகியிருந்தது.

அந்த வாரம் முழுக்க இரண்டு வழியையும் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை முழு வேலையும் தொடங்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் சுவர் அந்த அம்மாவின் மேல் விழலாம். சொன்னால் கடையை ஆபத்தான கட்டடம் என்று அறிவித்துப் பூட்டுவார்கள். அந்த அம்மாவைப்போல எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத வாடகைக்காரர் ஒருமுறை வெளியே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ‘தற்காலிக இடமாற்றம்’ என்ற தலைப்பில் நானே கடிதங்கள் அனுப்பியிருக்கிறேன். அவற்றைப் பெற்றவர்களில் திரும்பி வந்த ஒருவர் முகத்தையாவது நினைத்துப் பார்க்க முயன்றேன். கிடைக்கவில்லை.

தினமும் மாமாக் கடையில் உட்கார்ந்து எதிர்ச்சுவரையே பார்த்தேன்.

“என்ன சார், பென்சன் எடுத்தும் சொவத்த சைட் அடிக்கிறீங்க?” என்றார் மாமாக் கடைக்காரர். “அது வயசான சொவரு சார். உங்களுக்குப் பொருத்தம்தான்.”

வெள்ளிக்கிழமை அந்த அம்மாவிடமே போய் இரண்டையும் சொன்னேன். கொத்தமல்லி அரைத்துக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்தினார். நான் பார்த்து அவர் அதை நடுவில் நிறுத்தியதில்லை.

“விழுந்துருமா அண்ணே?”

“விழலாம்.”

“வெளிய போனா திரும்ப விடுவாங்களா?”

“விடாமலும் போகலாம்.”

கையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டார். “ராத்திரி பல்லி விழுந்தாலே எந்திரிச்சு உக்காந்துடுறேன், நீங்க கண்ணாடி ஒட்டினதுலேர்ந்து. எழுதுங்க. ஆனா திரும்ப வர்றதையும் நீங்களே எழுதுங்க. உங்களுக்குத்தான் எல்லா ஓட்டையும் தெரியும்.”

அன்று பிற்பகலே என் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்தேன். நகராண்மைக் கழகத்தில் அதை வாங்கிய அதிகாரி இளைஞர், மரியாதையானவர். நெளிந்தார்.

“சார், ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கறதுக்குப் பாரம் இல்லையே லா.”

“தெரியும். பாரம் தயாரிச்சவன் நான்தான். அப்படியொன்னு தேவைப்படும்னு அப்போ தோணல.”

வேலை நின்றது. பொறியாளர் வந்து பார்த்தார்.   கட்டடக் கலைஞர் நான் எடுத்த புதுப்படங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு வரைபடத்தை விரித்து, நூலகத்தைப் பொதுச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளினார். அவர் ஆசையாக வரைந்த மாடிப்படி போயிற்று. தூண்கள் துளையிட்டு வார்ப்பதாக மாறின; சுவருக்கு இரும்பு முட்டு. கடைசியில் பக்கத்து மனையில் வெறும் கட்டமாக இருந்த இடத்தில் ‘மசாலைக் கடை, குடியிருப்புடன்’ என்று எழுதினார். யாரும் சொல்லாமல், அவராகவே.

அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு நிபந்தனை எழுதினேன்: அந்தக் கடை பழைய வாடகைக்காரரிடம் ஒப்படைக்கப்படும் வரை நூலகத்துக்குத் திறப்பதற்கான தகுதிச் சான்றிதழ் வழங்கப்படாது. திறப்பு விழாவுக்கு யார் யாரோ வருவார்கள். விழா நடக்க வேண்டுமானால் மிளகாய் அரைபட்டாக வேண்டும். என் வாழ்நாளில் எழுதிய ஒரே நல்ல வாக்கியம் அது. குழு ஏற்றுக்கொண்டது.

அந்த அம்மா கோத்தா கோலா மூடாவில் தங்கை வீட்டுக்குப் போனார். இயந்திரம் கடையிலேயே இருக்கிறது. கட்டிலை மட்டும் சுவரிலிருந்து நகர்த்தி நடுவில் போட்டுவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து நிபந்தனைக் கடிதம் தட்டச்சாகி வந்தது. என் வாக்கியம் முழுதாக இருந்தது. அதன் வாலில் சில சொற்கள் சேர்ந்திருந்தன: ‘அல்லது அதிகாரி பொருத்தமெனக் கருதும் வேறு நாள் வரை.’ அதாவது, அந்த அம்மா திரும்பாமலேயே நூலகத்தைத் திறந்துவிடலாம். நான் சேர்க்கவில்லை. ஆனால் சொற்கள் என்னுடையவை. அலுவலகத்தின் பொதுப்படிவத்தில், எந்தக் கடிதமும் நம்மைக் கட்டிப்போட்டுவிடக் கூடாது என்று பல வருடங்களுக்கு முன் நானே வைத்தவை. அதை நீக்கக் கோரி மூன்று முறை எழுதிவிட்டேன். அடுத்த திருத்தத்தில் கவனிக்கப்படும் என்கிறார்கள். அந்தப் பதிலும் என் படிவம்தான்.

நூலகத்துக்குக் கூரை ஏறிவிட்டது. நான் தினமும் போகிறேன். புதிதாக ஒட்டிய கண்ணாடி உடையவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த அம்மா தொலைபேசியில் கூப்பிடுவார்.

“அண்ணே, சொவரு எப்படி இருக்கு?”

“நல்லா நிக்குதும்மா.”

“கடுதாசி?”

“நாளைக்குப் போறேன்மா” என்கிறேன். நாலாவது மனுவை எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை, எப்போது வருகிறேன் என்று அலுவலகத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமல் போவதாக இருக்கிறேன்.