கரைக்கு மாற்றிய மார்கிரட்

மார்கிரட்டுக்குப் பருத்தித்துறை பஸ்ஸில் இருப்புக் கொள்ளவில்லை. யன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பக்கத்தில் இருந்த மனிசி பொறுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

இத்தனைக்கும் காரணம் இன்னாசித்தம்பி. குருநகர் இறங்குதுறையில் மீன் பொறுக்கிக்கொண்டு நின்றவளிடம் அந்த மனிசன் சும்மா சொல்லிவிட்டுப் போனார்: "உன்ரை மோனை நேவி போட்டிலை கண்டனான். நல்லாக் கறுத்துப் போனான்."

அவள் புருஷன் கனிசியஸ் கடலோடு போனவன். படகு திரும்பியது, அவன் திரும்பவில்லை. அன்றைக்கே அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள், ஒரே பிள்ளை கொலின்ஸைப் படகில் ஏறவிடமாட்டேன் என்று. செவ்வாய் தவறாமல் மெழுகுதிரி கொளுத்தினாள். அப்படி வளர்த்த பிள்ளை கடற்படையில் போய்ச் சேர்ந்தான். தமிழ்ப் பிள்ளை சிங்கள நேவியிலையோ என்று தெரு முழுக்க வாயில் போட்டு மென்றது. அவள் கேட்டது ஒன்றுதான்: "கரையிலை தானே வேலை?" "ஓம் அம்மா, பருத்தித்துறைக் கரையிலை." அந்தப் பதிலை நம்பித்தான் இவ்வளவு நாளும் நித்திரை கொண்டாள்.

கடற்படை முகாம் வாசலில் காக்க வைத்தார்கள். முந்தானையை முறுக்கி முறுக்கியே அதைக் கயிறாக்கிவிட்டாள். ஒருவழியாக, கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் கூப்பிட்டார்.

"மீன்பிடி ஆக்கள் பிள்ளைதானே அம்மா. கடல் நல்லாத் தெரியும். போட்டுக்கு அப்பிடி ஆள் வேணும்."

குருநகரில் பிறந்தால் கடல் தெரிந்துவிடுமா? மார்கிரட்டுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் பணிந்துதான் கதைத்தாள். "அவனுக்குக் கடலெண்டால் பயம் ஐயா. தகப்பனைக் கடல் எடுத்தது."

அதிகாரி யோசித்தார். "பயந்த ஆள் போட்டுக்குச் சரிவராது. கரைக்குப் போடுறன். தமிழ் தெரியும், ஆக்களையும் தெரியும். குருநகர் இறங்குதுறையிலை படகு சோதிக்க நல்லம். வீடும் கிட்ட."

மார்கிரட் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தோனியாருக்குப் பெரிய மெழுகுதிரியாகவே வாங்க வேண்டும் என்று நினைத்தாள்.

வாசலுக்கு வந்த கொலின்ஸிடம் சொன்னபோது அவன் முகம் செத்துவிட்டது.

"ஏனம்மா கேட்டனீங்கள்? கெஞ்சி மண்டாடித்தான் போட்டுக்குப் போனனான்."

"பயமில்லையோடா உனக்கு?"

"பயம்தான். ஏறின அண்டு முழுக்கச் சத்தியும் வாந்தியும். எண்டாலும் பருத்தித்துறைக் கரையிலை நிண்டது அதைவிடப் பயம். தமிழ் தெரியுமெண்டு என்னைத்தான் எல்லாற்றை பையையும் கிண்ட விட்டவை. சனம் என்ரை முகத்தைப் பாக்காமல் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கும். அது வேறை ஊர். இப்ப எங்கடை ஊர்."

மார்கிரட் திரும்பி உள்ளே ஓடப் பார்த்தாள். காவலுக்கு நின்றவன் விடவில்லை. அதிகாரி வெளியே போய்விட்டாராம்.

அடுத்த கிழமை குருநகரில் விடிகிற நேரம். கொலின்ஸ் சீருடையோடு இறங்குதுறையில் நின்றான். மார்கிரட் கூடையோடு கொஞ்சம் தள்ளி நின்றாள். முதல் வந்தது இன்னாசித்தம்பியின் படகு. கொலின்ஸுக்கு ஞானத்தகப்பன் அவர். ஞானஸ்நானத்தன்று அவனைக் கையில் ஏந்தி நின்றவர். எங்கே கண்டாலும் "டேய் கள்ளா" என்று காதைத் திருகுகிறவர்.

கொலின்ஸ் இன்னும் வாயே திறக்கவில்லை. இன்னாசித்தம்பி கரையில் இறங்கி, நிலத்தைப் பார்த்தபடி இரண்டு கையையும் தூக்கினார்.

"பாருங்கோ சேர்," என்றார்.