போனுக்குப் பின்னால் நின்ற அப்பா

என் தம்பிக்கு கேஸ் அடுப்பு ரிப்பேர் வேலை. யார் வீட்டில் கேஸ் வாடை வந்தாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். பர்னர் பக்கத்தில் குனிந்து மோப்பம் பிடித்துப் பார்ப்பான். "ஒண்ணும் இல்லம்மா, நிம்மதியா சமைங்க" என்பான். அவன் சொன்னால் சொன்னதுதான். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே அடுப்பு எமனாக வந்து உட்கார்ந்தது.

அவன் மகளுக்குப் பதினாலு வயது. தாயில்லாப் பிள்ளை, நான்தான் கூட இருந்து வளர்க்கிறேன். போன வருஷம் அவளுக்கு ஒரு பயம் பிடித்தது. அடுப்பைச் சரியாக மூடாமல் விட்டு, வீடு வெடித்து, நாங்கள் எல்லாரும் செத்துப்போவோமாம். போய்ப் பார்ப்பாள், திருகுவாள், வருவாள், மறுபடி போவாள். கடைசியில் அப்பா முன்னால் வந்து நிற்பாள்.

"அப்பா, மூடியிருக்குல்ல?"

"மூடியிருக்கும்மா."

கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு முதலிலிருந்து. பள்ளிக்கூடம் நின்றே போனது.

எங்கள் பக்கம் இதற்கு வைத்தியம் பார்க்க ஆளில்லை. போனிலேயே, வீடியோவில் பார்க்கும் ஒரு டாக்டரம்மா கிடைத்தார். ஓசிடி என்று பேர் சொன்னார், ஒரே சந்தேகம் விடாமல் பிடித்து ஆட்டும் மனநோயாம். "அடுப்பை ஒரு தடவை மூடு. திரும்பிப் பார்க்காத, யாரையும் கேட்காத. பயம் வரும், வரட்டும். அது தானா இறங்கும்னு உன் மனசுக்குத் தெரியணும்" என்றார். எங்களிடம் தனியாக, "அவ கேட்டா மூடியிருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்த பதில்தான் பயத்துக்குத் தீனி" என்றார்.

வாராவாரம் சமையல் மேடையில் தண்ணீர்க் குடத்தின் மேல் போனைச் சாய்த்து வைப்போம். பிள்ளை அடுப்பை மூடிவிட்டுப் போனைப் பார்த்தபடி நிற்பாள். முதலில் உடம்பே உதறியது. பிறகு, என்ன மாயமோ, சட்டென்று அடங்க ஆரம்பித்தது. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பிரமாதம் கண்ணா! ஸ்கூலுக்குப் போய்ப் பார்ப்போமா?" நானும் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தேன்.

பள்ளிக்கூடம் போன அன்றைக்கே, மத்தியானத்துக்குள் ஓடி வந்துவிட்டாள். நான் கடையிலிருந்து திரும்பியபோது அடுப்புத் திருகை விடாமல் திருகிக்கொண்டிருந்தாள். விரல் தோல் உரிந்து ரத்தம். இழுத்தாலும் வரவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா போனில் வந்தார். "இத்தனை நாள் நல்லா பண்ணினியே. இன்னிக்கு என்ன மாறுச்சு?"

"அப்பா அங்க இல்ல."

"எப்பவும் எங்க இருப்பாரு?"

"போனுக்குப் பின்னாடி. கண்ணை மூடித் தலையாட்டுவாரு. மூடியிருக்குன்னு அர்த்தம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி! வாயால சொல்லாதன்னா தலையால சொன்னியாடா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "புள்ள நடுங்குதுக்கா. பார்த்துட்டு எப்படிக்கா சும்மா நிக்கிறது?"

அதற்கு மேல் நான் திட்டவில்லை.

டாக்டரம்மாவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மறுபடி முதல்ல இருந்து வருவோம். சார், இனிமே எனக்குத் தெரியிற மாதிரி பாப்பா பக்கத்துல நில்லுங்க. கேட்டா, தெரியாதுன்னு சொல்லுங்க."

அடுத்த வாரம் பிள்ளை அடுப்பை மூடினாள். அவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். திருகு மூடியிருப்பது வாசற்படியில் நின்ற எனக்கே தெரிந்தது.

"அப்பா, மூடியிருக்குல்ல?"

அவன் போனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எந்த வீட்டு அடுப்பு முன்னாலும் அவன் சொல்லாத வார்த்தை அது.

"தெரியாதும்மா."

யாரோ ஒரு ஆளைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள். பிறகு வீறிட்டு அழுதாள். அவன் கை தானாக அவள் தலைக்குப் போனது. அதுவும் பதிலாகிவிடுமோ என்று பயந்து பாதியில் இழுத்துக்கொண்டான்.

"அப்படியே நில்லுங்க" என்றார் டாக்டரம்மா.

நின்றோம்.