நாலு விரல் வளர்ந்த கார்

சென்ற மாதம் ஒரு காலை. ஓசூர் டாக்ஸி ஸ்டாண்டில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் ஒரு பிளாஸ்டிக் குழாயோடு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வரிசையில் முதலில் நின்ற காரின் இடப்பக்க முன்சீட்டை முன்னே தள்ளிவிட்டு, பின்கதவைத் திறந்தார். குழாயின் ஒரு முனையைப் பின்சீட்டின் உள்மூலையில் வைத்து, மறுமுனையைச் சாய்வாகக் கீழே இறக்கினார். அது முன்சீட்டில் இடித்து நின்றது. "ச்சு" என்றார். கதவைச் சாத்திவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

டிரைவர்கள் சும்மா இருப்பார்களா?

"யோவ்... வண்டிக்கு என்னா ஊசி போடறியா?" என்றார் வெங்கடேசு. வேப்பனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, ஸ்டாண்டில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம்.

"அளவு பாக்கறங்ண்ணா."

"எதுக்கு?"

"கல்யாணத்துக்கு."

"குழாய்க்கா கல்யாணம்?"

ஸ்டாண்டே சிரித்தது. வந்தவரும் சிரித்தார். "எனக்குத்தாங்ண்ணா" என்றார்.

அவர் பெயர் முனிராஜ். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் டர்னர், கடைசல் வேலை. குழாயோடு அவர் வந்த காரணத்தைச் சொல்வதற்கு முன், ஸ்டாண்டில் அன்று ஓடிக்கொண்டிருந்த பெரிய விவாதத்தைச் சொல்லிவிட வேண்டும். விவாதம் ஷபீர் பாயின் புது வண்டியைப் பற்றியது.

வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விளம்பரமாகிவிடும்! டிக்கி வைத்த அந்தச் சின்ன கார் என்றால் உங்களுக்கே தெரியும். இத்தனை நாள் சந்து பொந்தெல்லாம் நுழைந்து வந்த அதே கார்தான். இப்போது கம்பெனிக்காரர்கள் அதை மாற்றி அமைத்திருக்கிறார்கள். மூக்கு உருண்டுவிட்டது, இடுப்பு அகன்றுவிட்டது, நீளமும் நாலு விரல் கூடிவிட்டது. ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த பையன், ஒரு மாதம் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவானே... அந்த மாதிரி ஒரு பளபளப்பு.

ஷபீர் பாய் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்து வந்தார். அன்றிலிருந்து ஓசூரில் கருத்துச் சொல்லாதவர்கள் கிடையாது.

"தகடுதான் ஜாஸ்தி. என்ஜின் அதேதான். கிருஷ்ணகிரி மேட்டுல மூச்சு வாங்கும், பாருங்க" என்றார் மெக்கானிக்.

தொழிற்சாலை அதிகாரி ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "என் ஷெட்டுல விட்டா கதவு திறக்காது. நான் ராத்திரி பூரா வண்டிக்குள்ளதான் உக்காந்திருக்கணும்" என்றார்.

டீ மாஸ்டர் சொன்னதுதான் உச்சம். "கிளாஸைப் பெருசு பண்ணினா டீயும் பெருசாவணுமில்ல? உள்ள உக்கார்றது அதே அஞ்சு பேரு. அப்புறம் எதுக்கு இவ்ளோ உடம்பு?"

சவாரிக்கு வருகிறவர்கள் இன்னும் மோசம். பெரிய வண்டி என்றால் பெரிய வாடகை என்று அவர்களாகவே முடிவுகட்டி, பாயைத் தாண்டி அடுத்த வண்டிக்குப் போனார்கள். பாய் என்ன செய்வார்? துணியை எடுத்து, துடைத்த பானெட்டையே மறுபடியும் துடைப்பார்.

என் கருத்து? நானும் சொன்னேன். ஓசியில் கிடைப்பதை விடுவேனா!

நான் எட்டாவதில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், கல் குவாரியில் கூலி, பெங்களூர் ஓட்டலில் மாவாட்டுகிறவன் என்று ஊர் ஊராக அலைந்து, பிறகு கதை எழுத வந்தவன். படுக்க இடமில்லாத நாட்களில் லாரி கேபின், டெம்போ, பஸ்ஸின் கடைசி சீட் எல்லாவற்றிலும் தூங்கியிருக்கிறேன். நன்றாகவே தூக்கம் வந்தது. ஆகவே வண்டிகளைப் பற்றி எனக்கு ஒரு கொள்கை உண்டு: கையையும் காலையும் மடக்கத் தெரிந்தவனுக்கு எந்த வண்டியிலும் இடம் உண்டு. பாயிடம் அதைத்தான் சொன்னேன். "பாய், இது தேவையில்லாத சதை."

"நீங்களுமா ரைட்டரே..." என்றார் பாய். துணியை எடுத்தார். துடைத்தார்.

சரி, முனிராஜிடம் வருவோம்.

அவருக்குப் பார்த்திருக்கும் பெண் ரத்னா. பேரிகை என்கிற ஊர்க்காரி. அதே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷனில் வேலை. பார்த்திருக்கும் பெண் என்று சொல்வது மரியாதைக்குத்தான். இருவரும் பார்த்து, பேசி, முடிவுசெய்து, பிறகுதான் வீட்டுக்குச் சொன்னார்கள். ரத்னாவுக்குச் சின்ன வயதில் ஒரு விபத்து. வலது முழங்காலை நேராகவே இணைத்துவிட்டார்கள். கால் மடங்காது. நடப்பாள், நிற்பாள், மிஷினோடு சண்டை போடுவாள். உட்காரும்போது மட்டும் கால் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு பலகை அவளுக்கென்றே உண்டு.

கார் என்றால்தான் சிக்கல். பின்சீட்டில் குறுக்கே, கதவில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார வேண்டும். சீட் முழுவதும் அவளுக்கே போய்விடும். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள்.

பேரிகையில் காலையில் தாலி கட்டியதும், மாலையில் பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஜோடியாக ஓசூருக்கு வந்து மாப்பிள்ளை வீட்டில் இறங்க வேண்டும். வழக்கம் அப்படி. வழியில் பாகலூரில் சொந்தக்காரர்கள் காரை நிறுத்தி, எட்டிப் பார்த்து, கிண்டல் பண்ணி அனுப்புவார்கள். பெரியவர்கள் கூடி ஒரு யோசனை சொன்னார்கள். பெண் பின்னால் காலை நீட்டிக்கொள்ளட்டும், மாப்பிள்ளை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காரட்டும்.

ரத்னா சொன்னது: "நான் என்ன பார்சலா? அவரு முன்னாடி உக்காந்து என்னை டெலிவரி பண்ணப்போறாரா? பக்கத்துல உக்காந்துதான் வருவேன். நானா ஏறுவேன், நானா இறங்குவேன். இல்லேன்னா காரே வேணாம், பேரிகையிலேயே இருந்துக்கறேன்."

அவள் வேலையில் ஒரு கருவி உண்டு. அதற்கு கேஜ் என்று பெயர். செய்த பொருளின் துளையில் அதை விட்டுப் பார்ப்பார்கள். போனால் 'கோ'. போகாவிட்டால் 'நோ-கோ'. நடுவில் பேச்சே இல்லை. ரத்னா தன் இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை அறுத்தாள். மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். "இது எந்த வண்டிக்குள்ள போவுதோ அந்த வண்டியைப் பேசிட்டு வாங்க."

கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டில் மோதிரம் கொடுப்பார்கள், வாட்ச் கொடுப்பார்கள். குழாய் வாங்கிய மாப்பிள்ளை எனக்குத் தெரிந்து இவர்தான்!

கிருஷ்ணகிரி ஸ்டாண்டில் எல்லாம் நோ-கோ. கல்யாணங்களுக்கென்றே நம் ஊரில் ஒரு தொந்திக் கார் உண்டே, அதையும் பார்த்திருக்கிறார். உள்ளே இடம் தாராளம்தான். ஆனால் முன்சீட் ஒரே பலகை. ரத்னாவின் காலுக்காக அதை முன்னால் தள்ளினால் டிரைவரின் வயிறு ஸ்டீரிங்கில் மாட்டிக்கொள்கிறது. வேன் வேண்டாம் என்று ரத்னாவே சொல்லிவிட்டாள். படி உயரம், தூக்கித்தான் ஏற்ற வேண்டும்.

ஓசூர் ஸ்டாண்டிலும் வரிசையாக நோ-கோ. கடைசியில் நின்றது பாயின் வண்டி.

பாய் தன் கையாலேயே கதவைத் திறந்துவிட்டார். முன்னால் இடப்பக்க சீட்டை முழுக்க முன்னே தள்ளினார். குழாய் உள்ளே போனது... போனது... இரண்டு விரல் மிச்சத்தில் நின்றது.

முனிராஜ் முகம் விழுந்துவிட்டது. வெங்கடேசுகூடச் சிரிக்கவில்லை.

பாய் குனிந்து பார்த்தார். பின்சீட்டில் அவர் ஆசை ஆசையாகப் போட்டிருந்த பஞ்சு வைத்த உறை, மெத்தை போல் உப்பிக்கொண்டு நின்றது. வண்டி வாங்கிய கையோடு பெங்களூரில் தைத்தது. மேலே ஒட்டிய பாலிதீனைக்கூட இன்னும் உரிக்கவில்லை. பாய் ஒரு நிமிஷம் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு, "புடிப்பா அந்தப் பக்கம்" என்றார். இருவருமாக இழுத்தார்கள். உறை கழன்று வந்தது.

குழாயை மறுபடி வைத்தார்கள்.

"பட்டிந்தி!" என்று கத்தினார் வெங்கடேசு. கோபமும் இல்லாமல் கேலியும் இல்லாமல், இடம் கொண்டது என்பது நேராக அவர் வீட்டுத் தெலுங்கிலேயே வந்துவிட்டது. "கோ! கோ!" என்று முனிராஜ் அந்தக் குழாயைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

ஆனால் இன்ஸ்பெக்ஷன்காரி அவ்வளவு லேசில் கையெழுத்துப் போடுவாளா? ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தாள். கூடவே தம்பிகள், அவளுடைய தாய்மாமன் கிருஷ்ணப்பா. மாமன் பெரிய உருவம். வந்ததும் பழக்க தோஷத்தில் வேட்டியை மடித்துக் கட்டினார், தூக்குவதற்கு.

"தள்ளி நில்லு மாமா."

"உழுந்துருவம்மா!"

"உழுந்தா நானே எழுந்திரிப்பேன். தள்ளு."

காருக்கு முதுகைக் காட்டி நின்றாள். சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் ஊன்றிப் பின்னால் நகர்ந்தாள். பழைய வண்டியில் கதவு குறுகல்; குதிகால் கதவுச் சட்டத்தில் மாட்டும். இதில் கதவும் வளர்ந்திருக்கிறது. குதிகால் மெதுவாக உள்ளே வந்தது. உடம்பைத் திருப்பினாள். கால் முன்சீட்டுக்குக் கீழே நேராகப் போய் நின்றது. சாய்ந்து உட்கார்ந்தாள். எல்லோரும் உட்காருவது போல, முன்னால் பார்த்து.



"சும்மா நிக்கறீங்களே... ஏறுங்க" என்றாள் முனிராஜைப் பார்த்து. அவர் அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறினார். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரலாம். அவ்வளவு தள்ளி உட்கார்ந்தார். "மிச்சம் இருக்கற இடத்தை வாடகைக்கு விடப்போறீங்களா?" என்றாள். டீ மாஸ்டர்தான் முதலில் விசில் அடித்தார்.

நான் அங்கே நின்று என் கொள்கையை யோசித்துப் பார்த்தேன். மடக்கத் தெரிந்தவனுக்கு எங்கும் இடம் உண்டு. சரி. மடங்காதவர்களுக்கு? ஒரு வண்டி பெரிதா சிறிதா என்று அதில் உட்கார்ந்து பழகியவர்களிடமே இத்தனை நாள் கருத்துக் கேட்டிருக்கிறோம். கதவுக்கு வெளியே நின்றவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள்.

போன வியாழக்கிழமை கல்யாணம். தாலி கட்டியபின் பெண் இடப்பக்கம் உட்கார வேண்டும். காரில் டிரைவர் இல்லாத பக்கமும் இடப்பக்கமே. சாஸ்திரமும் சீட்டும் இவ்வளவு ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

கிளம்புகிற நேரத்தில்தான் புதுச் சிக்கல். கிருஷ்ணப்பா மாமன் முன்சீட்டின் கதவைத் திறந்துகொண்டு நின்றார். பெண்ணுடைய தாய்மாமன் காரில் முன்னால் உட்கார்ந்து போவது அந்த வீட்டு வழக்கமாம். அவர் உட்கார வேண்டுமென்றால் சீட்டைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளினால் ரத்னாவின் காலுக்கு இடமில்லை.

"எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துல நான் முன்னாடி உக்காரலேன்னா ஊருல என்னா பேசுவாங்க?"

மேளம் நின்றுவிட்டது. முனிராஜ் மெதுவாக, "நான் வேணா முன்னாடி..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க அசையக் கூடாது" என்றாள் ரத்னா. பிறகு மாமனைக் கூப்பிட்டாள். "மாமா, முன்னாடி போறதுதானே உன் உரிமை? காருக்குள்ள எதுக்கு முன்னாடி? காருக்கே முன்னாடி போ. பெரிய தம்பியோட பைக்கை எடுத்துக்க. மந்திரி வந்தா பைலட் போவாங்களே, அது மாதிரி போ."

மாமன் யோசித்தார். மீசையைத் தடவினார். "ஹாரன் அடிக்கலாமா?"

"ஓசூர் வரைக்கும் அடி."

முடிந்தது விவகாரம். ஆனால் பெண்ணோடு அனுப்புகிற குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் யாராவது வர வேண்டுமே? முழுக்க முன்னே தள்ளிய சீட்டில் யார் நுழைய முடியும்? எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். பாய் என்னைப் பார்த்தார்.

"ரைட்டர் நல்லா மடங்குவாரு" என்றார்.

பட்டினியில் வளர்ந்த உடம்பு ஒருநாள் இப்படிக் கல்யாணத்துக்கு உதவும் என்று யார் கண்டார்கள்? முழங்கால் தாடையில் இடிக்க, மடியில் குத்துவிளக்கோடு பேரிகையிலிருந்து கிளம்பினேன். முன்னால் மாமன், விடாத ஹாரன். பாய் இரண்டு கைகளாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, விமானம் ஓட்டுகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து பேச்சு காதில் விழுந்தது.

"என் கால் உங்களை இடிக்குதா?"

"இல்ல."

"பொய்."

"கொஞ்சம்."

"இடிக்கட்டும்."

பாகலூரில் காரை நிறுத்தினார்கள். பத்துத் தலைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தன. "அட, ஜோடியா உக்காந்திருக்காங்கடி!" என்று ஒரு பெண் பின்னால் திரும்பிக் கத்தினாள். ரத்னா கண்ணாடியை இன்னும் கீழே இறக்கிவிட்டாள், எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

ஓசூரில் மாப்பிள்ளை வீட்டுத் தெரு முழுக்க ஜனம். ஆரத்தித் தட்டோடு மாமியார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு வாலிபர்கள், ஒரு நாற்காலியோடு. மருமகளை உட்கார வைத்து அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஏற்பாடு. அன்பில் செய்ததுதான்.

கதவு திறந்தது. கால் முதலில் வெளியே வந்தது. பட்டுப்புடவை கொஞ்சம் சிக்கியது, எடுத்துவிட்டுக்கொண்டாள். கை கொடுக்க வந்தவர்களை முனிராஜே தடுத்துவிட்டார். நகர்ந்தாள், நிறுத்தினாள், மறுபடி நகர்ந்தாள். தட்டில் கற்பூரம் அணைந்துபோய், இன்னொன்று ஏற்றினார்கள். ஏற்றட்டுமே. என்ன அவசரம்?

கதவைப் பிடித்து ஒரே எழும்பு. நின்றாள். மாப்பிள்ளையின் இடப்பக்கம், தெரு முழுக்கப் பார்க்க, தன் காலில்.

மாமன் தம்மிடம் மிச்சமிருந்த ஹாரனை எல்லாம் அப்போது அடித்துத் தீர்த்தார். வெங்கடேசு காதைப் பொத்திக்கொண்டு பாயின் அருகில் வந்து, "பாய், ஆவணி மாசம் எங்க வூட்டுக் கல்யாணத்துக்கும் இந்த வண்டிதான்" என்றார்.

அந்த நாற்காலி வீணாகவில்லை. என்னைத்தான் அதில் தூக்கி உட்கார வைத்தார்கள். இரண்டு கால்களும் மரத்துப்போயிருந்தன!