வேண்டிக்கொண்டால் மூன்று கூடும்

என் அக்கா மகன் ஹைதராபாத்திலிருந்து வாட்சப்பில் ஏதோ அனுப்பியிருந்தான். "மாமா, நீங்க ஆடினதா சொல்லிக்கினே இருப்பீங்களே, அந்தப் புக்கு இதானா பாருங்க" என்று கூடவே ஒரு குரல் செய்தி. திறந்தால் முதல் பக்கத்திலேயே என் பழைய டிராகன், பச்சை உடம்பும் வாயில் நெருப்புமாக. எவனோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்து வெளிநாட்டுப் பத்திரிகை இதழ்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறான். என்னையறியாமல் போனை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். மனைவி பார்த்துவிட்டு, "போன்ல இன்னா வாசன வருது?" என்றாள். சார்ஜர் சூட்டு வாசனைதான் வந்தது.

அசல் இதழ்களுக்குக் கற்பூர வாசனை. வெளிநாட்டுக்காரன் கற்பூரம் கலந்து அச்சடித்தான் என்று நினைக்க வேண்டாம். திருப்பதியில் நான் அவற்றை வாங்கிய பழைய பேப்பர் கடையும் பக்கத்துப் பூஜைச் சாமான் கடையும் ஒரே தடுப்புப் பலகையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. அங்கே எடைக்கு வந்த செய்தித்தாள், பள்ளிப் புத்தகம் எல்லாமே கற்பூரம்தான் மணக்கும். யார் வீட்டிலிருந்து இந்தக் கட்டு வந்ததோ தெரியாது. அட்டைப் படத்தைப் பார்த்து மயங்கி நின்ற என்னைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்து, "இங்கிலீஷ் வச்சா பாபு?" என்றார். இங்கிலீஷ் வருமா என்று தெலுங்கில் கேட்கிறார். "பாக வச்சு", நன்றாகவே வரும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு பில் புத்தகத்துக்குள் அடங்கிவிடும்.

அப்போது நான் ரேணிகுண்டாவில், பம்ப் செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் ஒரு பட்டறையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். காயில் கட்டுகிறவன் கோதண்டம். புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், என்னைப் போலவே. பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதினவன் வரதன். அவன் அப்பா கோயில் கைங்கரியத்தில் இருந்தார். சின்ன வயதிலிருந்து பாசுரம் சொல்லிச் சொல்லி வரதனுக்குக் குரல் அப்படி வாய்த்திருந்தது, பாக்கிக்காரனைக் கடிந்துகொண்டால்கூட கேட்க இனிமையாக இருக்கும். மூவரில் நிஜமாகவே இங்கிலீஷ் தெரிந்தவனும் அவன்தான். இரண்டு நாள் படித்துவிட்டு வந்து சொன்னான்: "டேய், இது கதப் புஸ்தகம் இல்லடா. ஆட்டம். ஒருத்தன் கதை சொல்லணும். மத்தவா அதுக்குள்ள வீரனா, மந்திரவாதியா இருந்துண்டு, நான் இப்படிப் பண்றேன், அப்படிப் பண்றேன்னு சொல்லணும். பலிக்குமா பலிக்காதான்னு காய் உருட்டிப் பாக்கணும்."

எல்லாம் சரி. விதிகள்தான் இல்லை. அவை தனியாக ஒரு தடிப் புத்தகத்தில் இருக்கின்றனவாம். பத்திரிகையில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும், விதிப்புத்தகத்தில் இன்ன பக்கம் பார்க்க என்று போட்டிருந்தது. எங்கே போய்ப் பார்ப்பது? வாசகர் பக்கத்தில் அந்த ஊர்க்காரர்கள் விதிகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையை வைத்து, விதி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாங்களாக ஊகித்துக்கொண்டோம். இருபது முகம் கொண்ட காய் வேண்டும் என்றிருந்தது. எங்களிடம் அப்படி எதுவும் கிடையாது. ரயில்வே கிளப்பில் தம்போலா ஆடும் நம்பர் வில்லைகளில் ஒன்று முதல் இருபது வரை கேட்டு வாங்கி, ஒரு துணிப்பையில் போட்டுக் குலுக்கி எடுத்தோம்.

சனிக்கிழமை மதியம் பட்டறை மூடிய பிறகு வார்னிஷ் நெடியில் உட்கார்ந்து ஆடுவோம். கதை வரதன் சொல்வான். பாதாளச் சிறை என்று புத்தகம் சொன்னதை அவன் சந்திரகிரிக் கோட்டைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தான். அவன் கதையில் வரும் பாழடைந்த கோயில்களில்கூட பிரசாதத்துக்குத் தனி வரிசை இருக்கும், பூதமே வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். கோதண்டத்தின் வீரன் எங்கே போனாலும் வாளை உருவுவதற்கு முன்னால், "இங்க தண்ணி எத்தன அடியில கீது?" என்று கேட்பான். ஒருமுறை நாங்கள் ராட்சசனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவன் மூலையில் போர்வெல் போட இடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் ஆள் பெயர் சிங்கமல்லன். ஆறடி உயரம், பயம் என்றால் என்னவென்று தெரியாது, பெண்கள் மயங்குவார்கள். அதாவது என்னிடம் இல்லாத எல்லாம் அவனிடம் இருந்தது. நான் டிகிரியில் இரண்டாவது தடவையும் கோட்டை விட்டிருந்த நேரம் அது. பார்க்கப் போன பெண் வீடுகளெல்லாம் காபி கொடுத்து, முறுக்கு கொடுத்து, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அந்த வருஷம் எனக்கு உருப்படியாக நடந்துகொண்டிருந்தது சிங்கமல்லன் பிழைப்பு ஒன்றுதான்.

அவன் ஒரு நாள் பாம்புத்தலைப் பூதத்திடம் வசமாக மாட்டிக்கொண்டான். "பதினஞ்சு வந்தா தப்பிப்பே. கொறஞ்சா அவ்வளவுதான்" என்றான் வரதன். பைக்குள் கை விட்டேன். "ஏழுமலையானே, இவனக் காப்பாத்திடு, மொட்ட போட்டுக்கிறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. எடுத்துப் பார்த்தால் பன்னிரண்டு.

என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. வரதன் ஒரு இதழை எடுத்துப் பரபரவென்று புரட்டினான். ஒரு பக்கத்தில் விரலை வைத்தான். "இரு இரு. இங்க போட்டிருக்கு. ஆபத்துல தெய்வத்துக்கு வேண்டிண்டா மூணு கூட்டிக்கலாமாம்." பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து. சிங்கமல்லன் பிழைத்தான். நான் பட்டறை அதிரக் கத்தினேன்.

அந்தச் சந்தோஷம் சாயந்திரம் வரைக்கும்கூட நிற்கவில்லை. வேண்டுதல் பாக்கி வைத்துக்கொண்டு நல்ல காரியத்துக்குக் கிளம்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை நகரியில் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. என்னிடம் பார்க்கிற மாதிரி இருந்த ஒரே சமாச்சாரம் தலைமுடி. சிங்கமல்லன் காகிதத்தில் இருக்கிற ஆள்தானே, அவன் வேண்டுதலை அவனே தீர்க்கட்டும் என்று வாதாடிப் பார்த்தேன். "வாய் வுட்டு சொன்னது யாரு, காகிதமா?" என்றான் கோதண்டம். "சாமிக்கு பாக்கி வெச்சிக்கினு பொண்ணு பாக்கப் போவியா?" வரதன் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை அலிபிரி வழியாக மலை ஏறினோம். கூடவே வந்த வரதன், பக்தர்கள் முழங்காலால் ஏறுகிற மோக்கால மெட்டு வந்ததும் வேட்டியை மடித்துக்கொண்டு மண்டியிட்டான். "உனக்கு இன்னாடா வேண்டுதல்?" என்றேன். "நீ பாட்டுக்கு ஏறுடா" என்றான். அத்தனை படியையும் முழங்காலிலேயே ஏறினான். மேலே வந்தபோது வேட்டியில் ரத்தம். நான் என் முடியை நினைத்து வருந்திக்கொண்டிருந்ததில் அதைச் சரியாகக்கூடக் கவனிக்கவில்லை. சந்தனம் பூசிய தலையோடு வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, "முடியாவது கீதேன்னு இருந்தேன்டா" என்று சுவரில் சாய்ந்துவிட்டாள்.

நகரியில் பெண்ணின் நைனா மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "மொட்ட புதுசா கீதே. இன்னா வேண்டுதல் தம்பி?"

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். வேண்டுதல் விஷயத்தில் பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "ஒருத்தன் பூதத்துகிட்ட மாட்டிக்கினான். அவன் தப்பிக்கணும்னு வேண்டிக்கினேன்."

"எந்த ஊர்ல?"

"சந்திரகிரி கோட்டைக்கு அடியில. நெஜமில்ல. நாங்க ஆடற கதையில."

காபி டம்ளர்கள் அப்படியே நின்றன. தரகர் கூரையைப் பார்த்தார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்போது உள்ளே கதவோரம் நின்றிருந்த பெண் கேட்டாள்.

"தப்பிச்சானா?"

"தப்பிச்சிட்டான்" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பையனுக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று அவர்கள் வீட்டில் மூன்று நாள் பேசினார்களாம். இவருக்குப் பொய் சொல்ல வராது, இவரையே கட்டிக்கொள்கிறேன் என்று அவள் பிடிவாதமாக நின்றுவிட்டாள். போனில் என்ன வாசனை வருகிறது என்று கேட்டது அவள்தான்.

பிறகு பட்டறையை மூடிவிட்டார்கள். கோதண்டம் திருவள்ளூர்ப் பக்கம் போனான். வீடு மாற்றும்போது, இடமில்லை என்று இதழ்களை நானே எடைக்குப் போட்டேன். பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜ். பேப்பர் கடையும் இல்லை.

அக்கா மகன் அனுப்பியதில் அந்த வரியைத் தேடினேன். வேண்டிக்கொண்டால் மூன்று கூடும் என்கிற வரி. இரண்டு நாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எல்லா இதழையும் பார்த்துவிட்டேன். எதிலும் இல்லை. என் இங்கிலீஷ் கோளாறோ என்று அக்கா மகனையும் தேடச் சொன்னேன். "அப்படி ஒண்ணுமே இல்லையே மாமா" என்றான்.

கோதண்டத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் அடங்க நேரமாயிற்று. "இப்பத்தான் தெரியுமா உனக்கு? நான் அவன் பக்கத்துல தானே குந்தினு இருந்தேன். அவன் வெரல் வெச்ச எடத்துல ஏதோ பொம்ம வெளம்பரம்டா."

"தெரிஞ்சிக்கினே என்ன மொட்ட போட வெச்சியா?"

"மொட்ட நீ வேண்டிக்கினது. அது வேற. அந்த மூணு அவன் போட்டது." பிறகு சிரிக்காமல் சொன்னான். "உன் மூஞ்சியப் பாக்க முடியலடா அன்னிக்கி. அழுதுடுவ போல இருந்தே."

சாமி பேரில் பொய் சொன்னதற்குத்தான் வரதன் அத்தனை படியும் முழங்காலில் ஏறியிருக்கிறான். கூடவே நின்ற எனக்கு அது புரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. வரதன் போன மார்கழியில் இறந்துபோனான். நான் போய் மாலை போட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

இதழ்கள் எல்லாமே இப்போது என் போனில் இருக்கின்றன, எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அதில் இல்லாததை எனக்காகப் படித்துக் காட்டத்தான் ஆள் இல்லை.