ஒன்பதரை மணிக்கே தெரிஞ்சிருந்துதாம்

ஸ்டெல்லா அக்கா இறந்துட்டாங்க. இன்னிக்குக் காலையில, சேலம் ஆஸ்பத்திரியில. மாரடைப்பு.

நான் இங்க எதுவும் எழுதறவ இல்ல. லைக் போட்டுட்டு நகர்ந்துடுவேன். ஆனா எங்க ஸ்கூல் நிர்வாகம் ஏற்காடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெச்சிருக்கற ஃப்ளெக்ஸைப் பார்த்த பிறகு...

"எங்கள் கணினி ஆய்வகத்தின் தூண்." கீழே தாளாளர் போட்டோ, அக்கா போட்டோவை விடப் பெருசா.

தூணா? அந்த லேபைப் பூட்டி அவங்களை வெளியே அனுப்பினது யாரு சார்?

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். அக்காதான் எங்க கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கிட்டாங்க. நான் புவியியல் டீச்சர். எங்க ஊட்டுல காலேஜ் படிச்ச முதல் ஆளு. ஸ்டாஃப் ரூம்ல நாற்காலி நுனியிலதான் உக்காருவேன்.

"முழுசா உக்காரு கண்ணு, கடிக்காது"ன்னு சொன்னவங்க அக்கா மட்டும்தான்.

ஒன்பதாம் வகுப்புக்கு நிலநடுக்கப் பாடம். உலகத்துல எங்கெங்க நிலம் ஆடுச்சுங்கற டேட்டா நெட்டுலயே கிடைக்குதுன்னு அக்கா எடுத்துக் குடுத்தாங்க. பசங்க ஒவ்வொண்ணா மேப்புல புள்ளி வெச்சாங்க. ஜப்பான், இந்தோனேசியா, சிலி, இமயமலை...

"டீச்சர், யாரோ தையல் போட்டு வெச்ச மாதிரி இருக்குது!"ன்னு ஒரு பொண்ணு கத்தினா. அப்பத்தான் அக்கா புவித்தட்டுகளோட எல்லைக்கோட்டை ஸ்க்ரீன்ல போட்டாங்க. கோடு அப்படியே புள்ளிங்க மேலயே ஓடுச்சு. கிளாஸே கத்துச்சு.

"நம்ம மலை எங்கீங்கக்கா?"

"நாம போர்வைக்கு நடுவுல படுத்திருக்கறோம் சாமி. இழுபறியெல்லாம் ஓரத்துலதான். நடுவுல வரவே வராதுன்னு இல்ல, நொம்ப கம்மி."

அந்தத் தை மாசமே வந்துச்சு. மதியம் மூணு மணிக்கு, பெஞ்சு லேசா ஆடற அளவுக்கு. மறுநாள் நெட்டுல அந்த நிலநடுக்க லிஸ்ட்டுல நம்ம மலையும் இருந்துச்சு. அக்கா சந்தோஷமா பிரிண்ட் எடுத்துப் பசங்களுக்குக் குடுத்தாங்க. அதுல நேரம் காலை ஒன்பதரைன்னு இருந்துச்சு.

ஒரு அப்பா அதை போட்டோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புல போட்டாரு. அவ்வளவுதான். மீட்டிங். அவரேதான் முதல்ல எழுந்தாரு.

"ஒன்பதரைக்கே கம்ப்யூட்டர்ல வந்திருக்குது. மூணு மணி வரைக்கும் பிள்ளைங்கள உள்ளயே வெச்சிருந்தீங்களே, செவுரு விழுந்திருந்தா?"

"ஏனுங்க, அது லண்டன் நேரமுங்க. நம்ம நேரம் அஞ்சரை மணி முன்னால போகுதுங்க. நிலநடுக்கத்த முன்னாடியே யாராலயும் சொல்ல முடியாதுங்க"ன்னாங்க அக்கா.

"சேர்வராயன் மலை ஆடறதுக்கு லண்டன்ல போயி மணி பாப்பாங்களாக்கும்?"

கூட்டமே சிரிச்சுது. நான் எழுந்து அதையே சொன்னேன். "நீ உக்காரும்மா"ன்னுட்டார் தாளாளர்.

அந்த அப்பா மேல எனக்குக் கோபம் இல்ல. கிளியூர்ல அவர் ஊட்டுச் செவுரு விரிசல் விட்டிருந்துச்சு, பயந்துட்டாரு.

ஆனா தாளாளரோட பையன் இருக்கறது லண்டன்ல. "இப்ப அங்க மணி எட்டு, எழுந்திருப்பான்"னு கணக்குப் போட்டுத்தான் தினமும் ஆபீஸ்ல இருந்து போன் பண்ணுவாரு. அவருக்குத் தெரியும்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். கண்ணாடியத் துடைச்சுக்கிட்டே "விசாரிச்சு நடவடிக்கை எடுக்கறோம்"னாரு.

லேபைப் பூட்டி அக்காவை அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் அக்கா சேலத்துல ஒரு ஜவுளிக் கடையில பில் போட்டாங்க. தினமும் மலை இறங்கி மலை ஏறி.

ஒரு நாள் பஸ்ல ஒரு அம்மா கேட்டாங்க, "நீங்கதானுங்களே நிலநடுக்கத்த மறைச்ச டீச்சரு?" எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அக்கா லண்டன், அஞ்சரை மணின்னு முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க.

"எதுக்குக்கா ஒவ்வொருத்தருக்கும்...?"

"விடு கண்ணு. நாலு வளைவு ஏறறதுக்குள்ள புரிஞ்சுக்குவாங்க."

இன்னிக்கு அவங்க ஊட்டு வாசல்ல, சவப்பெட்டி பக்கத்துலயே, யாரோ கேக்கறாங்க: "மறைச்சுட்டாங்கன்னு சொன்னாங்களே, அவங்கதானே?"

மறைக்கல. எதையும் மறைக்கல. இதை ஷேர் பண்ணுங்க.

நான் இன்னும் அதே ஸ்கூல்லதான் வேலை பார்க்கறேன். திங்கக்கிழமை தாளாளர் ரூமுக்குக் கூப்பிடுவாங்க. கூப்பிடட்டும்.

அக்கா... இனிமே யாருக்கும் நீங்க விளக்கம் சொல்ல வேண்டாம். நாங்க சொல்லிக்கறோம். நீங்க போங்க.